லீவுக்கு வந்த அப்போஸ்தலன்

எங்கள் சண்டே ஸ்கூலில் மிஷனெரி என்றால் ஊர் திரும்பாத ஆள். வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார், 1834-ல் செராம்பூரில் இறந்தார், நடுவில் ஒரு தடவைகூட இங்கிலாந்துக்குப் போகவில்லை. எமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். 1951-ல் டோனாவூர் மண்ணுக்குள் போகும்வரை ஒரு லீவு எடுத்ததில்லை. இதைச் சொல்லிவிட்டு வாத்தியார் கொஞ்சம் நிறுத்தி எங்கள் முகங்களைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் விடுதியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிற பையன்கள் நாங்கள். தலையைக் குனிந்துகொள்வோம்.

வாத்தியார் சொல்லாமல் விட்ட கதைகளும் உண்டு. இடையன்குடி கால்டுவெல் லீவு எடுத்தார். நாம் மேடைதோறும் பெருமை பேசுகிற அந்த ஒப்பிலக்கணம் அவர் சீமைக்குப் போயிருந்த காலத்தில்தான் 1856-ல் லண்டனில் அச்சேறியது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திண்டிவனம் வந்த பெண்தான் ஐடா ஸ்கடர். வீட்டைப் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டதால் வேலூருக்கு ஒரு ஆஸ்பத்திரி கிடைத்தது. ஆனால் லீவு எடுத்தவர்களை வைத்துச் சண்டே ஸ்கூல் நடத்த முடியாது. எங்களுக்கு உதாரணமாகக் கிடைத்தவன் மாற்கு. பவுலோடு ஊழியத்துக்குப் புறப்பட்டவன், பெர்கேயிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். அவன் அம்மா வீடு எருசலேமில்தான் இருந்தது. பவுலுக்கு வந்த கோபத்தில் பர்னபாவோடேயே பிரிவினை ஆகிவிட்டது. வீட்டு ஞாபகம் ஒரு பெரிய ஊழியத்தையே உடைத்துவிடும் என்று எங்களுக்குப் பதிந்துபோனது. அதே பவுல் கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து அந்த மாற்குவையே அழைத்துவரச் சொல்லி எழுதியதை நானாகப் படித்துத் தெரிந்துகொள்ள முப்பது வயதாயிற்று.

1982-ல் நான் புறப்பட்டேன். எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் வெள்ளாளன்விளை. அங்கே பிறந்த அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு வெளியே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து, நம் திருநெல்வேலிச் சபைக்கு இது இல்லையே என்று வெட்கப்பட்டார். மறுவருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்துவிட்டது. முதல் பணித்தளம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல். எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் போடுவார்கள். மாதம் ஒருநாள் அது கோவிலுக்குப் போகும், விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். பனையேறி வாங்கிய அரிசியில் ஒரு பிடி என்றால் அதன் கனம் தேரிக்காட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

நான் சேர்ந்த ஸ்தாபனம் வேறு, எனக்குக் கிடைத்த இடமும் வேறு. அப்போது பீகார், 2000-த்திலிருந்து ஜார்க்கண்ட். சந்தால் பர்கனாவின் ராஜ்மகால் மலைகள். அங்கே சௌரியா பஹாடியாக்கள் மால்தோ பேசுகிறார்கள். கங்கைக் கரைக்கு மேலே ஒரு திராவிட மொழி! கால்டுவெல் தம் நூலில் நம் குடும்பத்தோடு சேர்த்துப் பேசிய மொழி. ‘அப்போ ஒனக்கு லேசா வந்துரும்’ என்று பாளையங்கோட்டையில் ஒரு பேராசிரியர் ஆசீர்வதித்து அனுப்பினார். லேசாக வந்தது மலேரியாதான்.

என்னை வழியனுப்பிய ஆராதனையைப் பற்றி எழுத வேண்டியதில்லை, எல்லா வழியனுப்பு ஆராதனையும் ஒரே மாதிரிதான். கை வைத்து ஜெபித்தார்கள், பெண்கள் அழுதார்கள், மாலை போட்டார்கள். அம்மா மட்டும் பஸ் ஏறும்போது ஜன்னல் பக்கம் வந்து, “வயித்தப் பாத்துக்கல” என்றாள். நான்கு வருஷம் அதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன்.

மலையில் சோளமும் பர்பட்டிப் பயறும் விளையும். குடிதண்ணீர் கீழே சுனையில். தபால் கீழே சந்தை ஊரில், வாரம் ஒருநாள் யாராவது இறங்கினால் கிடைக்கும். இன்லேண்ட் லெட்டரில் அம்மா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாள். நான்கு பக்கமும் மடிப்பும் நிரம்பி, ஒட்டுகிற ஓரத்திலும் பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்ட விஷயம் இருக்கும். அப்பா தவறிய தந்தி எனக்கு வந்து சேர்ந்தபோது ஊரில் கல்லறைக்குச் சிமென்ட் பூசியாகிவிட்டது. 1986 மழைக்காலம் முடிந்து நான் தங்கியிருந்த வீட்டுப் பையன், ஆறு வயது, காய்ச்சல் தலைக்கேறி என் மடியிலேயே போய்விட்டான். கையில் குளோரோகுயின் இருந்தது. அதற்கு மேல் வேண்டியதெல்லாம் மலைக்குக் கீழே இருந்தது. அந்த டிசம்பரில் லீவு எடுத்தேன். திரும்புவதாக யோசனை இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அப்போது ஊருக்கு வருவதே ஒரு ஊழியம். பர்ஹர்வாவில் ஏறி லூப் லைனில் ஹவுரா, அங்கிருந்து கோரமண்டலில் சென்ட்ரல், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பூர், அங்கே மீட்டர் கேஜ் வண்டி, பிறகு திருநெல்வேலியில் பஸ். வீட்டு வாசலில் இறங்கும்போது ஏழை லாசருவுக்கும் எனக்கும் வித்தியாசம் நாய்கள் மட்டும்தான். எங்கள் தெரு நாய்கள் நக்கவில்லை, குரைத்தன.

வந்த மறுநாளே சேகரத்துக்கு என் பேர் பரவிவிட்டது. மிஷனெரிக்கு லீவு என்பது சபைகளுக்குப் போய் அறிக்கை கொடுக்கிற காலம் என்பது எங்கள் ஸ்தாபனத்தின் விதி. ஓய்வெடுக்க வந்தவன் ஊர் ஊராக நின்றேன். கடன் வாங்கிய ஸ்லைடு புரொஜெக்டர், எட்டு முழ வேட்டியில் திரை. சேகர குரு என்னை ‘வடதேசத்துக்குப் போன நம் மண்ணின் அப்போஸ்தலன்’ என்று அறிமுகப்படுத்தினார். வேட்டியில் மலை தெரியும், குடிசை தெரியும், கூட்டம் ‘ச்சு’ கொட்டும். விளக்கு போட்டதும் பின்வரிசைப் பையன் ஒருவன் எல்லா ஊரிலும் எழுந்து கேட்டது ஒரே கேள்விதான்: “அங்க புலி உண்டா?” இல்லை என்றதும் கூட்டத்துக்கு என்மேல் இருந்த மதிப்பு சற்று இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். புலிக்குப் பதில் கொசு என்று சொன்னால் காணிக்கை எடுபடாது. அப்போஸ்தலன் மேடையிலிருந்து இறங்கி வந்து கட்டைச்சுவரில் உட்கார்ந்திருப்பான். என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் உற்சாகமடைந்து வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் அந்தத் தொந்தரவு கிடையாது. அம்மாவுக்கு நான் அப்போஸ்தலன் இல்லை. “என்னல, தேரி ஓணான் மாதிரி வந்திருக்க” என்றாள். மறுநாள் காலையில் கோழிக்கூண்டுக்கு ஓலை மாற்றச் சொன்னாள். அடுத்த நாள் விறகு. அக்கா பிள்ளைகள் இரண்டும் என் முதுகிலிருந்து இறங்கவில்லை. ராத்திரி மீன்குழம்பு ஊற்றும்போது அம்மா கேட்டாள்.

“எப்பல போற?”

“போகலம்மா.”

“ஒடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“யாருகூடயாவது சண்டையா?”

பையன் செத்த விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அறிக்கையில் அதற்கு இடமில்லை, ஸ்லைடும் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே மீன்முள்ளை அக்கா பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தாள்.

“ஒனக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சு. நான் எங்கல போனேன்?”

பதில் சொல்ல முடியாமல் சோற்றைப் பிசைந்தேன். அம்மா எழுந்து அடுக்களை மூலைப் பானையைக் காலால் லேசாகத் தள்ளிக் காட்டினாள்.

“இந்தா, இந்த மாசத்து அரிசி. ஒன் பேரச் சொல்லி எடுத்து வச்சது. நீ போகலேன்னா நான் இத என்ன செய்ய? கோவிலுக்குக் குடுக்கவா, ஒலையில போடவா? இப்பவே சொல்லிரு. ஞாயித்துக்கெழமை உபதேசியார் சாக்கோட வந்துருவாரு.”

எத்தனையோ கன்வென்ஷன்களில் அழைப்பின் நிச்சயத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒன்றுகூட இவ்வளவு கணக்காக என்னிடம் வந்து நின்றதில்லை. பொங்கல் கழிந்து ரயில் ஏறினேன். பெட்டியில் கருப்பட்டி, நார்த்தங்காய், இட்லிப் பொடி. அம்மா ஜெபம் செய்து அனுப்பினாளா என்று கேட்பார்கள். செய்தாள். அதைவிட நீளமாக, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றிப் பேசினாள்.

பிறகு கல்யாணம், குழந்தைகள். மலையில் பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகளை இங்கே விடுதியில் சேர்த்தோம். எங்கள் காலத்து மிஷனெரிகள் அநேகருக்கு அதுதான் வழி. கேரிக்கும் எமி அம்மாவுக்கும் இல்லாத இன்னொரு காரணம் எங்களுக்குக் கிடைத்தது, ஊருக்கு வர. அந்த வருஷங்களைப் பற்றி என் மனைவி எழுதட்டும், அவள் எழுதமாட்டாள். விடுதி வாசலில் நாங்கள் வந்து நின்றதும் சின்னவள் முதலில் கேட்பது “எப்போ போவீங்க?” என்றுதான். அது அம்மா கேட்ட கேள்விதான். ஆனால் அது வேறு.

போன மே மாதம் மறுபடி ஊருக்கு வந்தோம். எனக்கு ஓய்வு கொடுத்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. மலையிலேயே ஒரு சின்ன விடுதியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம். இப்போது ஹவுரா–கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் திருநெல்வேலியில் எழுந்துகொள்ளலாம். அந்தத் தூரத்துக்கு அலுத்துக்கொள்ள யாரிடமும் காரணம் மிச்சமில்லை. அக்கா குடும்பத்துக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவில் ஒரு வசனம் வந்து விழும். மலையில் எங்களுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு இலுப்பை மரத்தடியில். அங்கே போய் நின்றால் நாற்பத்தேழு ரோஜாப்பூக்கள் ஒன்றாக வரும். ஆடு குட்டி போட்ட செய்தி மட்டும் வருவதில்லை. எல்லோரும் எல்லோரையும் தினமும் பார்த்துக்கொள்வதால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோவிலுக்கு ஏசி போட்டாகிவிட்டது, பீடத்துக்குப் பக்கத்தில் எல்இடி திரை. மிஷனெரி ஞாயிறு என்றார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். “ரெண்டு நிமிஷம் பேசுங்க அண்ணாச்சி, பாட்டுக்குழுவுக்கு நேரம் வேணும்” என்றார் செயலாளர். வீடியோ இருக்கிறதா என்று கேட்டார், ட்ரோன் ஷாட் இருந்தால் விசேஷம் என்றார். அந்தக் காலத்தில் ஸ்லைடு ஸ்லைடாக முகங்களைக் காட்டினோம். ஜார்க்கண்டில் 2017-ல் கட்டாயத்தாலோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைத் தண்டிக்கும் சட்டம் வந்தபிறகு, கட்டாயமும் ஆசையும் கிட்ட வராத இடத்தில்கூட ஜனங்கள் தங்கள் முகம் எந்த போனிலும் போகவேண்டாம் என்கிறார்கள். நான் மலையை மட்டும் காட்டினேன். கூட்டம் ‘ச்சு’ கொட்டவில்லை. இதைவிட நல்ல மலையை அவர்கள் யூட்யூபில் பார்த்திருக்கிறார்கள். பின்வரிசைப் பையன் எழுந்தான். “அங்க நெட்வொர்க் கிடைக்குமா அங்கிள்?” இலுப்பை மரத்தைச் சொன்னேன். மதிப்பு அதே அளவுக்கு இறங்கியது. காணிக்கைத் தட்டில் கியூஆர் கோடு ஒட்டியிருந்தது.

இந்தத் தடவை எனக்குத் துக்கம் எதுவும் இல்லை, அலுப்புதான். மனைவிக்கு முழங்கால். மகள் பெங்களூருவிலிருந்து தினமும் சொல்கிறாள்: “போதும்ப்பா, ஊருக்கு வந்துருங்க.” எனக்கும் போதும் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. நான் போனபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று சபை நடத்துகிறார்கள், பஞ்சாயத்து நடத்துகிறார்கள், எனக்கே புத்தி சொல்கிறார்கள். அங்கே நான் செய்வது பெரும்பாலும் பருப்பு வாங்கிப்போடுவது.

அக்காவுக்கு எழுபத்து மூன்று. மச்சான் இல்லை, மகன் மஸ்கட்டில். அவன் அனுப்பிய பணத்தில் வீட்டுக்குப் பின்னால் புதுக் குளியலறை கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் போய் இறங்கியபோது அவள் கொல்லையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஜல்தி, ஜல்தி! இதர் பூசு! ஏ, அந்தச் சவத்த அங்க வைக்காதல!”

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பையன்கள். “பாகூர்க்காரனுக” என்றாள் அக்கா. “நீ நாப்பது வருஷமா அங்க கெடக்க, ஒங்கிட்ட ஒரு வார்த்த கத்துக்கிட முடியல. இவனுக வந்து நாலு மாசத்துல எனக்கு இந்தி வந்துட்டு.”

பாகூர் எங்கள் பக்கத்து மாவட்டம். இருவரில் சின்னவனின் முகவெட்டைப் பார்த்து, மால்தோவில் எந்த ஊர் என்று கேட்டேன். கொத்துக்கரண்டி கையிலிருந்து நழுவிச் சாந்துக்குள் விழுந்தது. லிட்டிபாடாவுக்கு மேலே மலை. அவன் தாய்மாமன் பேரைச் சொன்னான், எனக்குத் தெரிந்த ஆள்தான். அப்புறம் விசாரித்தால், எங்கள் கோவிலுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருக்கும் புதுக் கல்யாண மண்டபத்துக்கு மணல் சுமப்பதும் இவர்கள் கூட்டம்தான். இதே சபை பஹாடியாக்களின் ஆத்துமாவுக்காக வருஷா வருஷம் உபவாச ஜெபம் வைத்திருக்கிறது, நானே தேதி கேட்டு எழுதியிருக்கிறேன். ‘இந்திக்காரப் பசங்க’ என்பதற்குமேல் யாரும் அவர்களிடம் பேர் கேட்கவில்லை. அவர்களும் கோவில் மணி அடிக்கும்போது சாரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா பெரிய சட்டியில் சோறு வடித்தாள். பையன்கள் நான்கைந்து பேர் குளித்துத் தலைசீவிக் கொல்லைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். வாரா வாரம் இதுதான் வழக்கமாம்.

“அரிசி விக்கிற விலையில இத்தன பேருக்கா?” என்றேன்.

“வெலைக்கு வாங்குனதா? பிடி அரிசில்லா.” பழைய பெயின்ட் வாளியைக் காட்டினாள். “கோவில்ல இப்ப யாரு அரிசி வாங்குதா? கவர் குடுத்துட்டாங்க. ஆனா கை நிக்க மாட்டேங்கு, அளக்கும்போது தன்னால ஒரு பிடி எடுத்துருது. கோழிக்குப் போட்டேன், மனசு கேக்கல. மிஷனெரி அரிசிதான, இவனுகளுக்குள்ளதுதான. அங்க போய்த் திங்க வேண்டியத இங்கயே வந்து திங்குதானுக, ரயில் சார்ஜ் மிச்சம்.” உருளைக்கிழங்கை இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். “இது இல்லேன்னா எறங்காது இவனுகளுக்கு.”

ராத்திரி மெதுவாக விஷயத்தை எடுத்தேன். ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறோம், பழைய வீட்டைக் கொஞ்சம் சரிபண்ணினால் போதும், இங்கேயும் இந்தப் பையன்கள் மத்தியில் செய்ய எவ்வளவோ இருக்கிறது என்றேன். கடைசி வாக்கியத்தை நான் ரயிலிலேயே தயார்செய்திருந்தேன் என்றால் பொய், அன்று மத்தியானம்தான் தயார்செய்தேன்.

அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“இங்க வந்து நீ என்ன செய்யப் போற? இங்கதான் நான் இருக்கேன்லா. அங்க யாரு இருக்கா?”

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வர ஒரு நிமிஷம் பிடித்தது. பானையைக் காலால் தள்ளிக் காட்டிய அதே வம்சம். மகளுக்கு மறுநாள் போனில், “அத்தை வேண்டாங்கா” என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவளாலும் பேச முடியவில்லை. அத்தையை எதிர்த்துப் பேசியவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

திரும்பும்போது எங்களை வழியனுப்ப ஆராதனை ஒன்றும் இல்லை. ஸ்டேஷனுக்குச் சின்னவன் வந்தான், தோளில் ஒரு அட்டைப்பெட்டியோடு. மிக்ஸி. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் திருநெல்வேலியில் வாங்கியது, அவன் அம்மாவுக்கு. அவன் மலையில் கரண்ட் வருகிற நேரத்தை நினைத்தேன், சொல்லவில்லை. அக்கா கொடுத்த கருப்பட்டிச் சிப்பம், ஊறுகாய் ஜாடி, அரைத்த மிளகாய்ப்பொடி எல்லாவற்றுக்கும் மேலே அது ஏறியது. 1982-ல் இதே நிலையத்தில் நான் ஏறியபோது பெட்டியில் வேதாகமமும் இந்தி முப்பது நாளில் புத்தகமும் இருந்தன. இந்தத் தடவை எதிர் பெர்த்துக்காரர் எங்கள் சாமானைப் பார்த்துவிட்டு, “ஹோம் அப்ளையன்ஸ் ஏஜென்சியா சார்?” என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் மனைவி ஆமாம் என்றாள்.

விருதுநகர் தாண்டியதும் போன் வந்தது.

“அண்ணாச்சி, மிக்ஸி டீக் ஹை?”

“டீக் ஹை.”

மதுரையில் மறுபடி. திண்டுக்கல்லில் மறுபடி. விழுப்புரத்தில் நாங்கள் தூங்கிப்போயிருந்தோம். விஜயவாடா பக்கம் காலையில் எடுத்தபோது அவன் இந்தியை விட்டுவிட்டான், மால்தோவையும் விட்டுவிட்டான். அக்காவின் குரலில், அக்காவின் தமிழில் கேட்டான்:

“மூணு ஜாரும் இருக்கால்லா? நல்லாப் பாத்துச் சொல்லும்.”

பெட்டியைப் பிரித்து எண்ணிச் சொன்னேன்.